சத்திர சிகிச்சைக் கருவிகள்

சத்திர சிகிச்சை என்றதும் கத்தி ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. உண்மையில் வெட்டும் கருவிகள் சிலவே. பற்றவும், விரிக்கவும், துழாவவும் பயன்படுபவையே பல. சுசுருத சங்கிதை இதனை அன்றே வகுத்துரைத்தது. வெட்டாத கருவிகளை யந்திரம் என்றும், கூரியவற்றைச் சஸ்திரம் என்றும் அது பிரிக்கிறது. யந்திரங்கள் 101, சஸ்திரங்களோ 20 மட்டுமே. எலும்பில் தைத்ததைப் பற்றி இழுக்க, விலங்கு, பறவைகளின் வாயை ஒத்த இடுக்கிகள். உடலின் துவாரங்களுள் நோக்கக் குழல்கள். புண்ணின் ஆழம் அறியச் சலாகைகள். இவற்றுள் தலையாயது மருத்துவனின் கையே என்றும் அந்நூல் கூறுகிறது.

கருவியின் பெயரும் பயனும் கற்போனுக்குத் தாய்மொழியில் விளங்குதல் வேண்டும். இதனை நன்குணர்ந்தவர் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றும் நிலையை உருவாக்கினார். அவர் முயற்சியால் 1867-இல் ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர சிகிச்சை நூல் தமிழில் வெளிவந்தது.

அதே ஆண்டில் ஜோசப் லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தின் துணையால் புண் சீழ்கொள்வதைத் தடுக்கலாம் என்று எழுதினார். பின்னர்க் கருவிகளைக் கொதிநீரிலும் நீராவியிலும் தூய்மை செய்யும் வழக்கம் வந்தது. அவ்வெப்பத்தைத் தாங்காத மரப்பிடிகளும் தந்தப்பிடிகளும் மறைந்தன. முழுதும் உலோகத்தாலான கருவிகள் தோன்றின.

இடுக்கி இன்றும் பற்றுகிறது. சலாகை இன்றும் துழாவுகிறது. அவற்றின் தொழில் மாறவில்லை, தூய்மையே மாறிற்று. முன்னாளில் கத்திக்குத் தப்பியவரும் சீழுக்குத் தப்பவில்லை. இன்று நாம் அச்சமின்றிச் சிகிச்சைக்கு உடன்படுவது, கூர்மையை மட்டுமன்று, அத்தூய்மையையும் நம்பியே ஆகும்.