சம்பளமில்லாத 'தொழில்முறை': ஹிலரி நைட்டும் 2017 பகிஷ்கரிப்பும்

ஹிலரி நைட்டைப் பற்றி எழுதுகிற ஆட்கள் அனேகமாகப் பதக்கக் கணக்கில்தான் தொடங்குவார்கள். 2010இல், 20 வயதில் வன்கூவர் ஒலிம்பிக் வெள்ளி. 2018இல் பியோங்சாங்கில் தங்கம். 2025இல் பத்தாவது உலகச் சம்பியன் பட்டம். அமெரிக்கப் பெண்கள் ஐஸ் ஹொக்கி அணியின் முன்கள வீராங்கனை, கோல் அடிக்கிறதுதான் வேலை. சரி, அந்த வேலைக்கு ஆர் சம்பளம் குடுத்தது? நாங்கள் அங்கேயிருந்து தொடங்குகிறோம்.

விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் விளையாடி முடித்த பிறகு நைட் சேர்ந்தது பொஸ்டன் பிளேட்ஸ் கழகத்தில். கனடியப் பெண்கள் லீக்கில் இருந்த அந்த அணி 2013இலும் 2015இலும் கிண்ணம் வென்றது. வீராங்கனைகளுக்குச் சம்பளம் கிடையாது. 2015இல் சம்பளம் தருகிறோம் எண்டு இன்னொரு லீக் வந்தது. நைட் அங்கே மாறினார், முதல் பருவமே கிண்ணம். அடுத்த பருவம் பாதியில், 2016 நவம்பரில், சம்பளத்தை வெட்டிவிட்டார்கள்.

தேசிய அணியின் கதை இதைவிட மோசம். நாலு வருடத்தில் ஒலிம்பிக்குக்கு முந்திய ஆறு மாதத்துக்கு மட்டும், மாதம் 1,000 டொலர். மிச்ச மூன்றரை வருடமும் உங்கட பாடு.

2017 மார்ச் 15 அன்று, உலகச் சம்பியன்ஷிப்பில் விளையாட மாட்டோம் எண்டு அணி அறிவித்தது. போட்டி மார்ச் 31இல், அதுவும் சொந்த நாட்டில், மிச்சிகன் மாநிலத்தில். சம்மேளனம் என்ன செய்தது? மாற்று அணி தேடத் தொடங்கியது. கல்லூரி வீராங்கனைகளைக் கேட்டார்கள், பாடசாலைப் பிள்ளைகள் வரைக்கும் போனார்கள். கேட்கப்பட்டவர்கள் ஒவ்வொருவராக மறுத்தார்கள். தேசிய அணிச் சட்டை கைக்கெட்டிய தூரத்தில் இருக்க, கருங்காலியாக மாட்டேன் எண்டு 18, 19 வயதில் சொல்வது லேசான காரியமில்லை. நைட்டின் கோல்களை விட இந்த மறுப்புத்தான் எங்களுக்குப் பெரிதாகத் தெரிகிறது. மார்ச் 28 அன்று சம்மேளனம் இறங்கிவந்தது. நாலு வருட ஒப்பந்தம், பயணத்திலும் காப்புறுதியிலும் ஆண்கள் அணிக்குச் சமமான வசதி. ஏப்ரல் 7 இறுதிப்போட்டி கனடாவுடன். 2-2 எண்டு மேலதிக நேரத்துக்குப் போனது. வெற்றிக் கோலை அடித்தது நைட்.

கழக மட்டத்தில் ஒண்டும் மாறவில்லை. 2019இல் அவர் மொன்றியலுக்கு விளையாடிக்கொண்டிருந்த நேரம் கனடிய லீக்கே மூடப்பட்டது. நைட் உட்படக் கிட்டத்தட்ட 200 பேர், ஒழுங்கான சம்பளமும் காப்புறுதியும் இல்லாத எந்த லீக்கிலும் விளையாடுவதில்லை எண்டு வெளியில் நின்றார்கள், காட்சிப் போட்டிகள் மட்டும் ஆடினார்கள். எஞ்சியிருந்த லீக்கில் தொடர்ந்து விளையாடிய பெண்களையும் நாங்கள் குறை சொல்ல மாட்டோம், அவர்களுக்கும் ஐஸ் வேண்டும் தானே. 2023இல் மார்க் வோல்டரும் பில்லி ஜீன் கிங்கும் சேர்ந்த குழு அந்த லீக்கை வாங்கி மூடியபோது, அந்தப் பெண்களின் ஒப்பந்தங்கள்தான் செல்லாமல் போயின. வரலாற்றில் இந்தப் பக்கத்தை ஆட்கள் கெதியாகப் புரட்டிவிடுகிறார்கள்.

புதிய லீக்கில் முதல் ஆட்டத்துக்கு முன்பே கூட்டு ஒப்பந்தம் கையெழுத்தானது: ஆகக்குறைந்த சம்பளம் 35,000 டொலர், ஒரு அணியில் ஆறு பேருக்காவது 80,000. 2024 ஜனவரி 1 அன்று டொரன்டோவில் லீக் தொடங்கியது. பொஸ்டன் அணியின் தலைவியாக வந்த நைட்டுக்கு அப்போது வயது 34.