கடலேரிக்கு அப்பாலிருந்து வந்த ஏடுகள்

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில் வாழும் ஒரு வாசகன், பழைய சஞ்சிகை ஒன்றைத் தேடித் துறையில் காத்திருந்து, கடலேரியைக் கடந்து திருகோணமலைக்கும், அங்கும் கிட்டாவிடில் யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் அலைய நேர்ந்த காலம் வெகு தொலைவில் இல்லை. கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதே 2009இல்தான்.

அத்தகைய சிரமத்தைப் போக்கிய இணையத்தளங்களுள் சென்ற ஆண்டில் நான் அதிகம் நாடியவை இரண்டு. 1998இல் முனைவர் கு. கல்யாணசுந்தரத்தின் பிரயத்தனத்தால் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் இலக்கியங்களை இலவசமாக வழங்கியமை உலகறிந்தது. எனினும் என் அபிமானம் பெரிதும் சார்வது, 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டு ஏறத்தாழ 97,000 நூல்களையும் சுவடிகளையும் இழந்த ஒரு சமூகத்திலிருந்து, தன்னார்வலர் சிலரின் உழைப்பால் 2005இல் உதயமான ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தின்மீதே.

1966இல் டொமினிக் ஜீவா ஆரம்பித்த ‘மல்லிகை’யின் இதழ்களை அங்கே விரித்தால், எழுத்து மட்டுமன்றி, பழுப்பேறிய தாளும் அக்கால விளம்பரங்களும் பக்கத்துக்குப் பக்கம் அப்படியே காட்சியளிக்கின்றன; தட்டச்சுப் பிரதி எதுவும் தரவியலாத சுகம் இது. முதியோரின் வாய்மொழி வரலாறுகளையும் ‘நூலகம்’ நிறுவனத்தார் ஒலிப்பதிவாகச் சேகரிப்பது, என் கருத்தில், நூலைக் காப்பதினும் அவசரமான கைங்கரியம். குறிஞ்சாக்கேணியின் மீனவர், விவசாயிகள் நினைவுகளும், எங்கள் வீட்டு அலமாரிகளில் கறையான் அரிக்கும் பாடசாலை மலர்களும் அப்பேழையை விரைவில் சென்றடைய வேண்டும்.