பசுமைக் குறியீடும் சஹேல் மண்ணும்: செயற்கைக்கோள் சான்றின் வலிமையும் எல்லையும்

சஹாராப் பாலைவனத்தின் தென்விளிம்பை ஒட்டி, செனகல் தொடங்கிச் சூடான் வரை ஆப்பிரிக்காவின் குறுக்கே கிடக்கும் நிலப்பட்டைக்குச் சஹேல் என்று பெயர். ஆண்டுக்கு ஏறத்தாழ 200 முதல் 600 மி.மீ. மழை, அதுவும் மூன்று, மூன்றரை மாதங்களில் பெய்து ஓய்ந்துவிடும். எஞ்சிய மாதங்களில் காய்ந்த புல்லும், அங்கொன்றும் இங்கொன்றுமாய் முள்மரங்களும், காற்றில் எழும் புழுதியும்தான். இந்த நிலத்தைப் பற்றி அரை நூற்றாண்டுக்குள் நேர்மாறான இரண்டு முடிவுகள் உலகெங்கும் பரவின. பாலைவனம் ஆண்டுதோறும் தெற்கே முன்னேறி வயலையும் மேய்ச்சல் நிலத்தையும் விழுங்குகிறது என்பது முதலாவது. சஹேல் மீண்டும் பசுமை பெறுகிறது என்பது இரண்டாவது. முதல் முடிவைத் தகர்த்தவை செயற்கைக்கோள் அளவீடுகள். இரண்டாவதை நிறுவியவையும் அவையே.

இரண்டாவது முடிவு பொய்யன்று. ஆனால் இலையிலிருந்து வரும் ஒளியை அளந்து பெற்ற முடிவை மண்ணின் நலத்துக்கான சான்றாக எடுத்துக்கொள்வது முறையியல் பிழை என்பதே இக்கட்டுரையின் வாதம். இப்பிழை ஆய்வேடுகளோடு நிற்கவில்லை, நாடுகள் ஐ.நா.வுக்கு அளிக்கும் நிலச்சீரழிவுக் கணக்கு வரை சென்றிருக்கிறது.

பாலையின் விளிம்பு நகர்ந்ததா?

1968 முதல் 1973 வரை நீடித்த வறட்சி சஹேல் மக்களைப் பெரும் பஞ்சத்தில் தள்ளியது. அதன் தாக்கத்தில் 1977-இல் நைரோபியில் ஐ.நா. பாலைவனமாதல் மாநாடு கூடியது. அதற்கு முன்பே, 1975-இல், சூழலியலாளர் ஹியூ லாம்ப்ரே வட சூடானின் மேல் விமானத்தில் பறந்து ஆய்ந்து, 17 ஆண்டுகளில் பாலைவன விளிம்பு 90 முதல் 100 கி.மீ. தெற்கே வந்துவிட்டதாக எழுதியிருந்தார். ஆண்டுக்கு ஐந்தரை கி.மீ. என்ற இந்த வேகம் ஓர் அறிக்கையிலிருந்து மற்றோர் அறிக்கைக்குத் தாவிக்கொண்டே போனது. அவர் ஒப்பிட்டது 1958-ஆம் ஆண்டுத் தாவர வரைபடத்தோடு. அதில் பாலைவன எல்லை பெரிதும் மழையளவுக் கோட்டை ஒட்டி வரையப்பட்டிருந்தது. அவர் பறந்ததோ கொடிய வறட்சியை அடுத்து. நெடுங்காலச் சராசரியை ஒருபுறமும் வறண்ட காலத்துக் காட்சியை மறுபுறமும் வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் உள்ள இடைவெளியை நகர்வு என்று சொன்னது அடிப்படையிலேயே தவறு.

சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃப் ஹெல்டன் குழுவினர் 1980-களில் சூடானின் கோர்டோஃபான் பகுதியின் செயற்கைக்கோள் படங்களையும் களத் தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது, அத்தகைய நிலையான நகர்வுக்குச் சான்று கிடைக்கவில்லை. 1991-இல் காம்ப்டன் டக்கர், ஹெரால்ட் ட்ரெக்னி, வில்பர் நியூகோம்ப் மூவரும் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கட்டுரை இன்னும் தெளிவாகப் பேசியது. வானிலைச் செயற்கைக்கோள்களின் பசுமை அளவீட்டைக் கொண்டு, 200 மி.மீ. மழைக்கோட்டை எல்லையாக வைத்து அவர்கள் கணக்கிட்டனர். 1980-இல் 86,33,000 சதுர கி.மீ. இருந்த சஹாரா 1984-இல் 99,82,000 சதுர கி.மீ. ஆயிற்று, மறு ஆண்டே தென்னெல்லை 110 கி.மீ. வடக்கே பின்வாங்கி, பாலையின் பரப்பு 7,24,000 சதுர கி.மீ. குறைந்தது. அந்த எல்லை மழையோடு விரிந்து சுருங்குகிறது, படையெடுத்து வரவில்லை. நில ஆய்வில் செயற்கைக்கோள் ஆற்றிய பணிகளில் இதை மிக உயர்ந்த ஒன்றாக நான் மதிக்கிறேன். மேய்ப்பர்களும் ஏழை உழவர்களும்தான் பாலைவனத்தைக் கூட்டிவருகிறார்கள் என்ற குற்றச்சாட்டின் அடித்தளத்தை அது அசைத்தது.

எண் எப்படிப் பிறக்கிறது

பச்சை இலையில் உள்ள பச்சையம் சிவப்பு ஒளியை, குறிப்பாக 0.66–0.68 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில், பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்ளும். அதே இலையின் உள்ளடுக்கில் உள்ள செல்களும் காற்றிடைவெளிகளும் 0.7 முதல் 1.3 மைக்ரோமீட்டர் வரையிலான அண்மை அகச்சிவப்பில் ஏறத்தாழப் பாதியைத் திருப்பி அனுப்பும். இவ்விரு எதிரொளிப்புகளின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பதே என்.டி.வி.ஐ. எனப்படும் தாவரக் குறியீட்டெண். 1973-இல் அமெரிக்காவின் பெருஞ்சமவெளிப் புல்வெளிகளை லேண்ட்சாட் செயற்கைக்கோளைக் கொண்டு ஆராய்ந்தவர்கள் அதைப் பயன்படுத்தினர். 1981-இல் ஏவப்பட்ட நோவா-7 வானிலைச் செயற்கைக்கோள் முதல் உலகம் முழுவதற்கும் தொடர்ச்சியாக அது கிடைத்தது.

மண் இந்தக் கணக்கில் எப்படி நுழைகிறது? காய்ந்த மண்ணின் எதிரொளிப்பு சிவப்பிலிருந்து அகச்சிவப்புக்கு மெல்ல ஏறிச் செல்லும். இலையைப் போலத் திடீரென்று தாவாது. நனைந்தால் மண் எல்லா அலைநீளங்களிலும் கருக்கும். செறிந்த காட்டில் இவை பொருட்டல்ல. ஆனால் தரையில் கால்பங்கையே செடி மூடும் சஹேலில், செயற்கைக்கோளுக்கு எட்டும் ஒளியில் பெரும்பங்கு மண்ணுடையது. ஒரே அளவு புல் கரிய மண்மேல் நின்றால் எண் கூடுதலாகவும், வெளிர்மணல்மேல் நின்றால் குறைவாகவும் வரும். இதைச் சரிசெய்யவே ஆல்ஃபிரெடோ ஹூட்டே 1988-இல் மண்சார் திருத்தக் குறியீட்டை முன்வைத்தார், வகுஎண்ணில் 0.5 என்ற மாறிலியைக் கூட்டி, மொத்தத்தை 1.5-ஆல் பெருக்குவது அதன் சாரம். மண்ணின் தாக்கத்தை அது பெரிதும் தணிக்கிறது. அதன் நோக்கமோ மண்ணை அறிவதன்று. மண்ணைக் கணக்கிலிருந்து நீக்குவது. தாவரக் குறியீடுகள் அனைத்துக்கும் இது பொருந்தும். மண்ணின் சத்தத்தை அடக்கக் கட்டிய கருவியிடமே மண்ணின் நலத்தைக் கேட்பது எப்படிச் சரியாகும்?

இதைவிடக் கூர்மையான சிக்கல் காய்ந்த புல்லில் இருக்கிறது. சஹேலின் ஓராண்டுப் புற்கள் மழை நின்ற சில வாரங்களில் காய்ந்துவிடும். அந்த வைக்கோல்தான் எட்டு மாத வறட்சியில் ஆடுமாடுகளுக்குத் தீவனம். காற்று மண்ணை அள்ளிச் செல்லாமல் காக்கும் போர்வையும் அதுவே. பச்சையம் போனபின் சிவப்பிலும் அண்மை அகச்சிவப்பிலும் வைக்கோலையும் வெறுமண்ணையும் பிரித்தறிவது கடினம். ஆக, மண்ணரிப்பைத் தீர்மானிக்கும் பருவத்தில், அதைத் தடுக்கும் பொருள் இந்தக் குறியீட்டுக்குத் தெரிவதில்லை. செல்லுலோசும் லிக்னினும் 2.1 மைக்ரோமீட்டரை ஒட்டி ஒளியை உறிஞ்சுவதால், அந்த நுண்பட்டையை அளக்கும் கருவி இருந்தால் வைக்கோலைப் பிரிக்கலாம். நாற்பதாண்டுத் தொடர் பதிவு வைத்திருக்கும் வானிலைச் செயற்கைக்கோள்களில் அந்தப் பட்டை இல்லை.

தொடர் பதிவு 1981-இல் தொடங்குவதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். நூற்றாண்டின் கொடிய வறட்சிகளுள் ஒன்று 1983–84-இல் வந்தது. பள்ளத்தின் அருகே அளக்கத் தொடங்கினால் எந்தப் பாதையும் மேல்நோக்கியே போகும். 1950-களின் மழைமிகுந்த ஆண்டுகள் இந்தப் பதிவில் இல்லை. சுற்றுப்பாதை விலகலால் செயற்கைக்கோள் கடக்கும் நேரம் மாறியதும், 1982-இல் எல் சிச்சோன், 1991-இல் பினட்டுபோ எரிமலைகள் கக்கிய துகள்களும் எண்ணைக் குலைத்தன. அவற்றை ஆய்வாளர்கள் பொறுமையாகத் திருத்தியிருக்கிறார்கள். தொடக்க ஆண்டின் சிக்கலைத் திருத்த எந்தச் சமன்பாடும் உதவாது.

குர்மாவில் அறுத்த புல்

மாலி நாட்டின் குர்மா பகுதியில் 1984 முதல் பியர் யெர்னோ முதலிய ஆய்வாளர்கள் குறித்த இடங்களில் ஒவ்வோர் ஆண்டும் புல்லை அறுத்து, உலர்த்தி, எடைபோட்டு வந்தனர். இந்தப் பதிவை செசில் டார்டெல் குழுவினர் 2014-இல் செயற்கைக்கோள் தொடரோடு ஒப்பிட்டனர். குர்மாவில் எடையும் ஏறியிருந்தது, குறியீடும் ஏறியிருந்தது. தென்மேற்கு நைஜரின் ஃபக்கராவில் இரண்டும் இறங்கியிருந்தன. அளவீடு பொய் சொல்லவில்லை என்பதற்கு இதைவிட நேர்மையான சோதனை அரிது. சஹேல் முழுவதையும் ஒரே நிறத்தில் பேசக்கூடாது என்பதற்கும் இதுவே சான்று: மேய்ச்சல் நிலமான குர்மா மீண்டது, கம்பு விளையும், தரிசு விடும் காலம் சுருங்கிய ஃபக்கரா மீளவில்லை.

ஆனால் குர்மாவுக்குள்ளேயே மற்றொரு கதை நடந்திருக்கிறது. அங்கே வறட்சிக்குப் பின் மழை 1950-களின் அளவுக்குத் திரும்பவில்லை. அப்படியிருந்தும் குளங்களில் நீர் பெருகியது. 1975-க்கும் 2002-க்கும் இடையே அவற்றின் பரப்பு ஏறத்தாழ இருமடங்கானது. ஹோம்போரிக்கு அருகே, முன்பு கோடையில் வற்றிய அகூஃபூ குளம் ஆண்டு முழுவதும் நீர் நிற்கும் குளமாயிற்று. மழை குறைந்தும் நீர் கூடியது எப்படி? விடை மண்ணில் இருக்கிறது. ஆழமான மணல்மேடுகளில் புல் மீண்டும் முளைத்தது. மழை மணலில் இறங்கும், விதை அங்கே தங்கும். பாறைமேல் மெல்லியதாகப் படிந்த மண்ணில் வறட்சி புதர்களைக் கொன்றது, அவை பிடித்துவைத்த மண் அரித்துப்போயிற்று, மேல்தோல் இறுகிற்று, விழுந்த மழை நிற்காமல் ஓடிக் குளத்தில் சேர்ந்தது. மணல்நிலம் பரப்பில் பெரியது; ஆகவே சராசரி எண் பசுமை என்றது. மழையலகுக்கு விளையும் புல்லின் அளவைக் கணக்கிட்டுப் பார்த்தாலும் குறை தெரியவில்லை. சீரழிவின் சான்று ஓடையில் இருந்தது, இலையில் இல்லை. எட்டு கி.மீ. அகலப் படப்புள்ளியில் மணல்மேடும் பாறைத்திட்டும் ஒன்றாய்க் கலந்துவிடும்போது, இழந்த மண்ணைப் பெற்ற புல் மறைத்துவிடுகிறது.

செனகலின் நடுப்பகுதியிலிருந்து வந்த எச்சரிக்கையும் இத்தகையதே. குறியீடு உயர்ந்த இடங்களிலேயே மரவகைகள் குறைந்து, வறட்சி தாங்கும் சில புதர்கள் பெருகியிருப்பதை ஸ்டெஃபனி ஹெர்மன், கிரே டாப்பன் இருவரும் 2013-இல் காட்டினர்.

நைஜரின் மரங்கள்

இதற்கு மறுப்பாக நைஜரைச் சுட்டலாம், சுட்டவும் வேண்டும். மராடி, சிந்தர் பகுதிகளில் 1980-களின் நடுவிலிருந்து உழவர்கள் வயலில் தானே துளிர்க்கும் அடிமரங்களை வெட்டாமல் கிளைகழித்து வளர்த்தனர். டோனி ரினாவ்டோ ஊக்குவித்த இந்த முறை ஏறத்தாழ 50 லட்சம் ஹெக்டேருக்குப் பரவியதாக மதிப்பிடப்படுகிறது. மரம் அரசுடைமை என்ற பழைய விதியின் பிடி தளர்ந்தது அதற்குத் துணைநின்றது. அங்கே உழவர் போற்றும் ‘காவோ’ மரம் மழைக்காலத்தில் இலை உதிர்த்துக் கோடையில் தழைக்கும்; அதன் நிழல் பயிரைக் கெடுக்காது, உதிரும் தழை மண்ணுக்கு உரம். கோடைப் பசுமையைத் தனியே அளந்தால் புல்லையும் பயிரையும் விலக்கி இத்தகைய மரங்களைக் காணலாம். 2020-இல் மார்ட்டின் பிராண்ட் குழுவினர், ஒரு மீட்டருக்கும் நுண்ணிய படங்களைக் கொண்டு, மேற்கு ஆப்பிரிக்காவில் 13 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் 180 கோடிக்கு மேற்பட்ட மரங்களைத் தனித்தனியே எண்ணினர். இங்கே செயற்கைக்கோள் வென்றது, கேள்வி சரியாக இருந்ததால். மரம் உள்ளதா என்று கேட்டார்கள், மரத்தைப் பார்த்தார்கள்.

கணக்கில் விடுபட்ட மண்

நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 15.3.1 என்ற குறியீடு, ஒரு நாட்டில் சீரழிந்த நிலத்தின் விழுக்காட்டைக் கேட்கிறது. நிலப்போர்வை, நில உற்பத்தித்திறன், மண் கரிம இருப்பு என மூன்று கூறுகள். ஒன்று வீழ்ந்தாலும் நிலம் சீரழிந்ததாகக் கொள்ளப்படும். பார்வைக்கு எச்சரிக்கையான விதி. நடைமுறையில் உற்பத்தித்திறன் தாவரக் குறியீட்டின் போக்கிலிருந்தே பெறப்படுகிறது. சொந்தத் தரவு இல்லாத நாடுகளுக்கு வகுத்த வழியில், மண் கரிமம் பழைய வரைபடம் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டு, நிலப்போர்வை வகை மாறிய இடத்தில் மட்டும் முன்தீர்மானித்த காரணிகளால் மாற்றப்படுகிறது. குர்மாவின் பாறைத்திட்டு முன்பும் மேய்ச்சல் நிலம், இப்போதும் மேய்ச்சல் நிலம். வகை மாறாதவரை அதன் கரிமமும் காகிதத்தில் மாறாது. மூன்று கூறுகளில் ஒன்றுதான் உண்மையில் பேசுகிறது. அதுவும் இலையைப் பற்றி.

நுண்பட்டை நிறமாலைக் கருவிகள் இதைத் தீர்த்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். 2019-இல் இத்தாலி ஏவிய பிரிஸ்மாவும் 2022-இல் ஜெர்மனி ஏவிய என்மேப்பும் 2.1 மைக்ரோமீட்டரில் வைக்கோலையும், 2.2-இல் களிமண்ணையும் காட்ட வல்லவை. நீண்ட மாதங்கள் தரை வெறுமையாய்க் கிடக்கும் சஹேல் இதற்கு ஏற்ற களம். ஆயினும் ஒளி காண்பது மண்ணின் மேற்படலத்தை மட்டுமே. நுண்ணலை ஈரமானிகளும் ஏறத்தாழ ஐந்து செ.மீ. ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. மண் எத்தனை சாண் ஆழம் எஞ்சியிருக்கிறது என்பதைக் களத்தில் தோண்டித்தான் அறிய முடியும். அந்தக் களங்களோ அருகிவருகின்றன: 2012-இல் வட மாலியில் போர் மூண்டபின், குர்மாவுக்கு ஆய்வாளர்கள் தடையின்றிச் செல்ல இயலவில்லை.

எனவே நிலச்சீரழிவு வரைபடம் வெளியிடும் நிறுவனங்கள் மூன்றைச் செய்ய வேண்டும். போக்கை மண்வகை வாரியாகப் பிரித்துக் காட்ட வேண்டும். கோடைக் காலத்து வைக்கோல் போர்வையையும் குளப்பரப்பையும் அதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். எந்தக் களத்தில் எந்த ஆண்டில் மண் அளக்கப்பட்டது என்பதைப் பட்டியலிட வேண்டும். களம் ஒன்றும் இல்லையென்றால், அந்த வரைபடத்துக்கு ‘இலைப்பரப்பு மாற்றம்’ என்றே பெயரிட வேண்டும். ‘நிலநலம்’ என்று பெயரிட அவர்களுக்குச் சான்று இல்லை.