குதிரைச் சீரமும் 'ஒவ்வாமை' என்ற சொல்லின் பிறப்பும்

எங்கள் சாச்சாவைப் பாம்பு இரண்டு தரம் கடித்திருக்கிறது. முதல் தரம், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரோடும் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் அகதியாக இருந்து வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு நின்ற காலத்தில். இரண்டாம் தரம், மீள்குடியேறி வந்து, இருபது வருசமாகக் காடு மண்டிக் கிடந்த காணியை வெட்டித் துப்புரவாக்கும்போது. இரண்டு தரமும் கண்ணாடி விரியன்.

முதல் தரம் விஷமுறிவு மருந்து ஏற்றத் தொடங்கி அரை மணித்தியாலத்துக்குள் உடம்பு நடுங்கி, தோலெல்லாம் தடித்து, முகம் வீங்கி, மூச்சு முட்டிப் போனதாம். எப்படியோ பிழைத்துவிட்டார். ஆனால் அந்தப் பயம் அவரை விட்டுப் போகவில்லை. இரண்டாம் தரம் கடித்தபோது, "பாம்புக்குத் தப்பினாலும் அந்த ஊசிக்குத் தப்பமாட்டன், எனக்கு அது ஒத்துக்கொள்ளாது" என்று ஆஸ்பத்திரிக்குப் போக மறுத்துவிட்டார். ஓதிப் பார்க்க ஒருவர் வந்தார். பரிகாரியாரிடம் கொண்டுபோவோம் என்றது இன்னொரு கட்சி. முரசால் இரத்தம் கசியத் தொடங்கிய பிறகுதான் மனுசன் மோட்டார் சைக்கிளில் ஏறினார்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. தேள் கொட்டிய கோத்திரத் தலைவருக்கு ஸஹாபி ஒருவர் பாத்திஹா ஓதிய ஸஹீஹான செய்தி நம் எல்லாருக்கும் தெரிந்தது. ஓதலை மோட்டார் சைக்கிளில் போகும்போதும் ஓதலாம் என்பதுதான் என் கட்சி.

நான் புதுக்குடியிருப்பில் தமிழ் படிப்பிக்கிறவன், விஞ்ஞானம் என் பாடம் இல்லை. ஆனாலும் காப்பாற்ற ஏற்றிய மருந்தை உடம்பு ஏன் எதிரியாகக் கண்டது என்ற கேள்வி என்னை விடவில்லை. தேடிப் போனபோது ஒரு விசயம் திகைக்க வைத்தது. உலகம் 'அலர்ஜி' என்று சொல்லும் அந்தச் சொல்லே, சாச்சாவின் நாளத்தில் ஏறியதைப் போன்ற குதிரைச் சீரத்திலிருந்துதான் பிறந்திருக்கிறது.

முதலில் சொற்களைப் பார்ப்போம், அது என் தொழில். 'ஒவ்வு' என்றால் பொருந்து, இசை. அது நடக்காதபோது ஒவ்வாமை. நம் உம்மாமார் இறாலையும் கத்தரிக்காயையும் 'கிரந்தி' என்று விலக்குவார்கள். அதில் குற்றம் சாப்பாட்டின் மேல் விழுகிறது. அரபியில் இன்று இதற்கு 'ஹஸாஸிய்யா' என்கிறார்கள், உணர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. இங்கே பாரம் மனிதனின் பக்கம் சாய்கிறது: மற்றவர் உணராததை இவர் உடம்பு உணர்கிறது. நோய் எதிர்ப்புக்கு நமது பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் 'நிர்ப்பீடனம்', பீடை இல்லாத நிலை. நிர்ப்பீடனம் குறைந்தவருக்குத்தான் ஒவ்வாமை வரும் என்று நம்மில் பலர் நம்புகிறோம். "உடம்பில சத்தில்லை, அதுதான் அலர்ஜி" என்று ஆசிரியர் அறையிலும் கேட்டிருக்கிறேன். வரலாறு சொல்வது இதற்கு நேர்மாறு.

ஒரு தகவலை நம்மவர்கள் பெருமையோடு எடுத்துச் சொல்வதுண்டு. ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மத் இப்னு ஸகரிய்யா அர்ராஸி, பல்க் நகரத்து அறிஞர் அபூஸைத் அல்பல்கீக்கு வசந்த காலத்தில் ரோஜா மணத்தோடு ஏன் மூக்கு வடிகிறது என்று தனியாக ஒரு சிறு நூலே எழுதினார். உண்மைதான். அந்த அபூஸைத் சாதாரண ஆளுமல்ல, புவியியலாளர், உடல்நலத்தோடு மனநலத்தையும் சேர்த்து நூல் செய்தவர். பருவத்தையும் பூவையும் நோயையும் ஒரு கோட்டில் வைத்துப் பார்த்தது அர்ராஸியின் கூர்மை. ஆனால் இதை வைத்து "ஒவ்வாமையின் காரணத்தை முஸ்லிம்கள் ஆயிரம் வருசத்துக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அவர் கண்டது நிகழ்வை. அதன் பின்னால் நிர்ப்பீடனம் இருக்கிறது என்று தெரிய இன்னும் ஆயிரம் வருசம் ஆனது.

அந்தக் கதை 1890இல் பெர்லினில் தொடங்குகிறது. பேரிங் என்ற ஜேர்மானியரும் கித்தசாட்டோ என்ற ஜப்பானியரும், நோய் நஞ்சைத் தாங்கப் பழகிய விலங்கின் சீரத்தை இன்னொரு விலங்குக்குச் செலுத்தினால் அதுவும் பாதுகாப்புப் பெறுகிறது என்று காட்டினார்கள். சில வருசங்களில் பாரிசில் ரூ என்பவர் குதிரைகளைக் கொண்டு தொண்டைக்கரப்பான் நோய்க்குப் பெருமளவில் சீரம் எடுத்தார். மூச்சடைத்துச் செத்துக்கொண்டிருந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். சைகோனில் நாகபாம்புக் கடியால் இறந்தவர்களைக் கண்டிருந்த கல்மெட், 1895 அளவில் இதே வழியில் பாம்பு விஷத்துக்கும் சீரம் செய்தார். இன்று முல்லைத்தீவில் ஏற்றப்படும் குப்பியின் மூதாதை அதுதான்.

அதிசயத்தோடு அவலமும் வந்தது. 1896இல் பெர்லினில் நோயியல் பேராசிரியர் ஒருவர், நோய் வராமல் காக்கவென்று தன் சுகமான குழந்தைக்குப் போடுவித்த சீர ஊசியின் பின் அந்தக் குழந்தை இறந்தது. ஊசி போட்ட பல பிள்ளைகளுக்கு ஒரு கிழமை, பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் சொறியும் மூட்டு வீக்கமும் வந்தன. சீரத்தில் அழுக்கு என்றார்கள். தயாரிப்பில் பிழை என்றார்கள்.

1902இல் பிரெஞ்சுக்காரர்களான ரிஷேயும் போர்த்தியேயும் கடலனிமனி நஞ்சை நாய்களுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். முதல் ஊசியைத் தாங்கிய நாய், சில வாரம் கழித்துச் சின்னஞ்சிறு அளவு கொடுத்ததும் நிமிடக் கணக்கில் மூச்சுத்திணறிச் செத்தது. பழக்கினால் பாதுகாப்புக் கூடும் என்று எதிர்பார்த்த இடத்தில் பாதுகாப்பே தலைகீழாகிவிட்டது. பாதுகாப்புக்கு எதிர்ப்பதம் என்ற கருத்தில் ரிஷே அதற்கு 'அனபிலக்சிஸ்' என்று பேர் வைத்தார். 1913இல் நோபல் பரிசும் கிடைத்தது.

ஆனால் முடிச்சை அவிழ்த்தவர் வியன்னாவின் சிறுபிள்ளை வைத்தியர் கிளெமன்ஸ் ஃபொன் பிர்கே. அவரும் தோழர் பேலா ஷிக்கும் பெரிய கருவி எதையும் நம்பி இருக்கவில்லை. கட்டிலருகே நின்று நாட்களை எண்ணினார்கள். முதல் தரம் குதிரைச் சீரம் பெற்ற பிள்ளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு நாளில் சொறி வந்தது. அதே பிள்ளைக்கு மறுபடி சீரம் போட்டால் சில மணித்தியாலத்தில், சிலவேளை உடனேயே வந்தது. அழுக்குத்தான் காரணம் என்றால் ஏன் நாள் கணக்கு? நஞ்சுதான் என்றால் ஏன் இரண்டாம் தரம் வேகம்? பிர்கே துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். அந்த எட்டு நாளும் பிள்ளையின் உடம்பு சும்மா இருக்கவில்லை, குதிரையின் புரதத்துக்கு எதிராகப் பிறபொருளெதிரிகளைச் செய்துகொண்டிருந்தது. அந்த எதிரிகள் குதிரைப் புரதத்தைச் சந்திக்கும் மோதல்தான் நோய். நோயைக் கொண்டுவந்தது குதிரை மட்டுமல்ல, காவல் காக்க வேண்டிய சக்தியும் அதில் பங்காளி.

1905இல் இருவரும் இதைச் 'சீர நோய்' என்று ஒரு நூலாக எழுதினார்கள். அடுத்த வருசம், 1906இல், பிர்கே ஒரு ஜேர்மன் மருத்துவ இதழில் சிறு கட்டுரை ஒன்றில் புதுச் சொல் ஒன்றை முன்வைத்தார். கிரேக்கத்தில் 'அல்லொஸ்' என்றால் வேறு, 'எர்கொன்' என்றால் செயல். ஒரு பொருளைச் சந்தித்த பின் உடம்பு நடந்துகொள்ளும் முறை மாறிவிடுகிறது, நன்மைக்கும் மாறலாம் தீமைக்கும் மாறலாம். அந்த மாற்றம்தான் 'அலர்ஜி'. நிர்ப்பீடனமும் சொறியும் ஒரே வேரின் இரு கிளைகள் என்றார். அன்றைய பெரிய வைத்தியர்கள் பலருக்கு இது பிடிக்கவில்லை, காக்கும் சக்தியே நோயையும் தரும் என்பதை அவர்கள் எப்படி ஏற்பார்கள்? பிற்காலத்தில் உலகம் அந்தச் சொல்லின் தீய பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. நாமும் அதையே 'ஒவ்வாமை' என்று பெயர்த்தோம்.

மிச்சத்தை வேகமாகச் சொல்லிவிடலாம். 1921இல் மீன் ஒத்துக்கொள்ளாத கியூஸ்ட்னர் என்ற வைத்தியரின் சீரத்தை, மீன் சாப்பிடப் பிரச்சினை இல்லாத பிராவுஸ்னிட்ஸ் தன் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியதும் தோல் தடித்தது. குற்றவாளி சீரத்துக்குள் இருக்கிறது என்று தெரிந்தது. அதை இனங்காண இன்னும் 45 வருசம் பிடித்தது. 1966-67இல் அமெரிக்காவில் இஷிசாக்கா தம்பதியரும் சுவீடனில் யொஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்ட அந்தப் பிறபொருளெதிரிதான் 'ஐ.ஜி.ஈ.' தோலிலும் மூச்சுக் குழாயிலும் குடலிலும் இருக்கும் மாஸ்ற் கலங்களில் அது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். பழைய ஆள் மறுபடி வந்ததும் கலம் வெடித்து ஹிஸ்டமினைக் கொட்டும். குடற்புழுக்களோடு போராடவும் உதவுகிற காவலாளிதான், இறாலைக் கண்டு கத்துகிறான்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2012-13இல் நாடளாவி எடுத்த ஒரு கணிப்பின்படி இலங்கையில் வருசத்துக்கு ஏறக்குறைய 80,000 பாம்புக்கடி, 400க்கும் மேற்பட்ட மரணம். இதற்கு நாம் நம்பியிருப்பது இந்தியாவில் செய்யும் மருந்து. நாகபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் குதிரைக்குச் சிறிது சிறிதாக ஏற்றி, பின் அதன் இரத்தச் சீரத்திலிருந்து பிரித்தெடுப்பது. அதற்கான விஷத்தில் பெரும்பகுதி, மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் விஷம், இந்தியக் குதிரையின் எதிர்ப்பு, வன்னி விவசாயியின் இரத்தம்! நம் நாட்டில் பலரைத் தீண்டும் கூர்மூக்குக் குட்டை விரியனுக்கு அந்தக் குப்பியில் மருந்தே இல்லை. இலங்கைக் கண்ணாடி விரியனின் விஷத்தைக் கொண்டு செம்மறியாட்டில் தனி மருந்து செய்து, வைத்தியர் அரியரத்தினமும் சகபாடிகளும் பரிசோதித்தார்கள். அது நம் வாட்டுகளின் வழக்க மருந்தாக நிலைக்கவில்லை. இந்தியக் குப்பிகளே இன்றும் வருகின்றன.

களனிப் பல்கலைக்கழகத்தின் அசித்த டி சில்வா குழுவினர் 2005 தொடக்கம் 1,007 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு செய்து 2011இல் வெளியிட்டார்கள். மருந்து ஏற்றியவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு ஏதோவொரு எதிர்விளைவு வந்தது. பெரும்பாலும் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள். ஆக, சாச்சாவின் உடம்பு ஒரு விதிவிலக்கே இல்லை. அவர்கள் பார்த்தது, மருந்துக்கு முன் எதைக் கொடுத்தால் இது குறையும் என்று. நாங்கள் வழமையாக நம்பிய ஹைட்ரோகோட்டிசோனும் ப்ரொமெதசீனும் உதவவில்லை. அட்ரினலின், 0.25 மில்லிலீற்றர் மட்டும், தோலுக்குக் கீழே கொடுத்தபோது கடுமையான எதிர்விளைவுகள் முதல் மணித்தியாலத்தில் நூற்றுக்கு 43 வீதம் குறைந்தன. ஐரோப்பாவில் தொடங்கிய கேள்விக்கு ஒரு பெரிய பதில் நம் நாட்டு வாட்டுகளில் கிடைத்திருக்கிறது. இதை நம் பத்திரிகைகள் எத்தனை தரம் எழுதின?

இங்கே ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். அந்த 75 வீதத்தினரில் பெரும்பாலானோர் வாழ்க்கையில் அதற்கு முன் குதிரைச் சீரம் பெற்றவர்கள் அல்லர். பழைய ஞாபகம் இல்லாத உடம்பு ஏன் உடனே கிளம்புகிறது? ஐ.ஜி.ஈ. இல்லாமலேயே அந்நியப் புரதத்தின் கூட்டம் நிர்ப்பீடனத்தின் வேறு பகுதிகளை நேரடியாக உசுப்பிவிடுவதாலும், மருந்தின் தூய்மைக் குறைவாலும் என்கிறார்கள். தோலில் சிறிது போட்டுப் பார்க்கும் பரீட்சை இதை முன்கூட்டிச் சொல்லாது என்பதும் அதனால்தான். சாச்சாவோ முன்பே பெற்றவர், பிர்கேயின் இரண்டாம் ஊசிக்காரர். இப்படிப்பட்டவருக்கும் விஷம் உடம்பில் பரவியிருந்தால் மருந்தை மறுக்கக்கூடாது, அட்ரினலினோடு அவதானமாகக் கொடுக்க வேண்டும் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 2023இல் ஊசி ஒவ்வாமை மரணங்கள் பற்றிச் செய்திகள் வந்தபின் ஊரில் பரவிய பயத்துக்கு இந்த ஒரு வசனத்தையாவது யாரும் சொல்லியிருக்கலாம்.

அன்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் குழாயில் அவருடைய இரத்தம் எடுத்து இருபது நிமிடம் அசையாமல் வைத்தார்கள். உறையவில்லை. பழைய கதையைச் சொன்னதும் டொக்டர் பயப்படவில்லை. முதலில் அட்ரினலின் போட்டார், பிறகு மருந்தை ஏற்றினார், பக்கத்திலேயே நின்றார். கொஞ்சம் நடுங்கியது, கொஞ்சம் தடித்தது, அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் காய்ச்சல், சொறி, முழங்கால் நோவு. "மிச்ச விஷம் கிளம்பிட்டுது" என்று வீட்டில் அழுகை. அது விஷமல்ல, வியன்னாவில் நாள் எண்ணிக் கண்ட அதே சீர நோய். குளிசையோடு சில நாளில் போய்விட்டது.

இதையெல்லாம் சாச்சாவுக்கு விளங்கப்படுத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குதிர இரத்தமோ ஏத்தினது? அது கூடுமா?" என்றார். ஷாபிஈ மத்ஹபில் குதிரை இறைச்சியே ஆகும், இரத்தம் வேறு சட்டம் என்றாலும் உயிர் போகும் நேரத்து மருந்துக்கு உலமாக்கள் இடம் தந்திருக்கிறார்கள் என்றேன். சற்று யோசித்தார்.

"அப்ப அந்தக் குதிரைக்கு?"

அதைக் கொல்வதில்லை, இரத்தத்தில் ஒரு பங்கை எடுத்து, பிறகு ஆறவிட்டு மறுபடி எடுப்பார்கள் என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.