கதிரவனும் கலமும்

'மின்கலம்' என்னும் சொல்லை நாம் வகுப்பறையில் இருவேறு பொருள்களுக்கு வழங்குகிறோம். கைவிளக்கினுள் இடுவது ஒன்று. கூரைமேல் வெயிலில் காயும் சூரிய மின்கலம் மற்றொன்று. கலம் என்பது எதையேனும் தன்னுள் கொள்வது. உணவை ஏந்துவது உண்கலம். மக்களை ஏந்துவது மரக்கலம். சூரிய மின்கலமோ எதையும் ஏந்திவைப்பதில்லை. ஒளி படும்போது மின்னோட்டம் தரும். ஒளி நீங்கின் அக்கணமே ஓயும். மாணவர் சிலர் இவ்விடத்தில் தடுமாறுவதற்குச் சொல்லும் ஒரு காரணம் என எண்ணுகிறோம்.

இக்குழப்பம் தமிழுக்கே உரியதன்று. 1954 ஏப்ரலில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கான் சூரிய மின்கலத்தை உலகுக்குக் காட்டியபோது, அதனைச் 'சோலார் பேட்டரி' என்றே அழைத்தது. சேப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் ஆக்கிய அக்கருவி, தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்னாக்கியது. அம்முயற்சியின் தோற்றுவாய் நம்மைப் போன்ற வெப்பநாட்டினர் அறியத்தக்கது. வெப்பமும் ஈரமும் மிக்க நிலங்களில் தொலைபேசிகளுக்கான உலர் மின்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. அவற்றுக்கு மாற்றுத் தேடுவதே சேப்பினுக்குத் தரப்பட்ட பணி. கலத்தை விலக்கப் புறப்பட்ட ஆய்வு, மீண்டும் கலத்திடமே வந்து நின்றது. 1955இல் ஜார்ஜியா மாநிலத்து அமெரிக்கஸ் என்னும் ஊரில் சூரியப் பலகையால் தொலைபேசித் தடத்தை இயக்கிப் பார்த்தபோது, இரவுக்கெனச் சேமிப்பு மின்கலம் ஒன்றையும் உடன்வைக்க நேர்ந்தது. கருவி இயங்கியது, விலைதான் கட்டுப்படியாகவில்லை.

பின்னர் விலை வீழ்ந்தது, தகடுகள் பெருகின. சிங்கப்பூரில் நிலம் அரிது. ஆதலின் 2021இல் தெங்கே நீர்த்தேக்கத்தின் நீர்ப்பரப்பிலேயே 60 மெகாவாட் உச்சத்திறன் கொண்ட தகடுகளை மிதக்கவிட்டோம். ஆயினும் ஒரு மழைமேகம் கடக்கும் சில நிமிடங்களில் விளைச்சல் சரிந்துவிடுகிறது. மலைநாடுகள் பகலில் நீரை மேலேற்றி, இரவில் இறக்கி மின்சாரம் பெறும். நம் புக்கிட் தீமாவோ ஏறத்தாழ 164 மீட்டர் உயரமே!

எஞ்சிய வழி மின்கலமே. 1991இல் லித்தியம் அயனி மின்கலம் முதன்முதல் விற்பனைக்கு வந்தபோது, அது கையடக்கக் கருவிகளுக்கான பொருளாகவே இருந்தது. 2022இல் ஜூரோங் தீவில் அதே வகைக் கலங்கள் 285 மெகாவாட் மணி சேமிக்கும் அளவில் அடுக்கப்பட்டன. ஏறத்தாழ 24,000 நான்கறை வீடுகளின் ஒருநாள் தேவைக்கு அது ஈடாகும். ஒரு நாட்டின் இரவைக் கடத்த அது போதாது. மேகம் கடக்கும் நிமிடங்களைத் தாங்க உதவும்.

கூரையில் இருப்பதைச் 'சூரியத் தகடு' என்றும், ஜூரோங் தீவில் இருப்பதை 'மின்கலம்' என்றும் நாம் இப்போது வகுப்பில் பிரித்தே வழங்குகிறோம்.