எருமையின் பெயர் தாங்கிய விமானங்கள்: மலாயா வானில் 453-ஆவது படையணி

1941 டிசம்பர் 11-ஆம் தேதி, பினாங்கு ஜார்ஜ்டவுன் மக்கள் தெருவில் நின்று வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டமாக வந்த விமானங்கள் பிரிட்டிஷ் விமானங்கள் என்றே பலரும் நம்பினார்கள். சிலர் கை அசைத்தார்கள். அடுத்த சில நிமிடங்களில் குண்டுகள் விழுந்தன. கடை வீதிகள் தீப்பற்றி எரிந்தன. அவற்றைத் தடுக்க ஒரு போர் விமானம்கூட வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வந்தார்கள். அவர்கள்தாம் ஆஸ்திரேலிய ஆகாயப்படையின் 453-ஆவது போர் விமானப் படையணியினர். மலாயாப் போரைப் பற்றிப் பேசும்போது யமஷிதாவையும் பெர்சிவலையும் நினைக்கிறோம். மூழ்கிப்போன இரண்டு கப்பல்களையும் நினைக்கிறோம். ஆனால் பினாங்கு, ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று ஊர் ஊராகப் பின்வாங்கிக்கொண்டே போரிட்ட இந்த இளைஞர்களை நினைப்பவர்கள் குறைவு.

புதிய படை, பழைய நம்பிக்கை

453-ஆவது படையணி 1941 மே மாதம் சிட்னி நகருக்கு அருகிலுள்ள பேங்க்ஸ்டவுனில் உருவாக்கப்பட்டது. ஆகஸ்டில் சிங்கப்பூர் வந்து செம்பவாங் தளத்தில் தங்கியது. விமானிகளில் பெரும்பாலோர் பயிற்சிப் பள்ளியிலிருந்து நேராக வந்த இளைஞர்கள். உண்மையான ஆகாயச் சண்டையைப் பார்த்தவர்கள் ஒரு சிலர்தாம். தலைமை அதிகாரி பிரிட்டிஷ்காரர். அவருக்கும் ஆஸ்திரேலிய விமானிகளுக்கும் தொடக்கத்திலிருந்தே ஒத்துப்போகவில்லை.

அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட விமானம் அமெரிக்காவில் செய்யப்பட்ட புரூஸ்டர் பஃபலோ. பஃபலோ என்றால் எருமை. ஐரோப்பியப் போர்முனைக்கு இது போதாது என்று ஒதுக்கிய பிரிட்டன், கிழக்கே அனுப்பிவைத்தது. ஜப்பானிய விமானங்களைச் சமாளிக்க இதுவே போதும் என்று மேலிடம் எண்ணியது. உயரே போகப் போக எரிபொருள் அழுத்தம் குறைந்துவிடும். விமானி ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே மறு கையால் விமானத்தை ஓட்ட வேண்டும். அந்த நிலையில் எதிரியை எப்படிச் சுடுவது?

எண்ணிக்கையிலும் குறை இருந்தது. மலாயாவையும் சிங்கப்பூரையும் காக்க 336 விமானங்கள் தேவை என்று லண்டனே ஒப்புக்கொண்டிருந்தது. போர் தொடங்கிய நாளில் முன்னணியில் இருந்தவை 158 மட்டுமே.

தாமதமாக வந்த அழைப்பு

1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டிய சிறிது நேரத்தில் ஜப்பானியர்கள் கோத்தா பாரு கடற்கரையில் இறங்கினார்கள். விடிவதற்குள் சிங்கப்பூரில் குண்டு விழுந்தது. அப்போதும் நகரின் தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. செம்பவாங்கில் இருந்த டிம் விகோர்ஸ் என்ற அதிகாரி, விமானங்களை மேலே எழுப்ப அனுமதி கேட்டார். இவர் 1940-இல் பிரிட்டன் வானில் ஜெர்மானியர்களோடு போரிட்டவர். இருட்டில் நம் பீரங்கிகளே நம் விமானங்களைச் சுட்டுவிடும் என்ற அச்சத்தில் அனுமதி மறுக்கப்பட்டது.

டிசம்பர் 10-ஆம் தேதி நடந்தது அதைவிடக் கொடுமை. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிப்பல்ஸ்' என்ற இரண்டு பெரும் போர்க்கப்பல்கள் குவாந்தான் கடலில் இருந்தன. அவற்றுக்குத் துணையாக ஒதுக்கப்பட்டிருந்தது 453-ஆவது படையணிதான். ஆனால் கப்பல்கள் எங்கே இருக்கின்றன என்பதே அவர்களுக்குத் தெரியாது. தளபதி பிலிப்ஸ் வானொலி மௌனம் காத்தார். காலை 11 மணி கடந்ததும் தாக்குதல் தொடங்கியது. முக்கால் மணி நேரம் கழித்து, 11.58-க்குத்தான் 'ரிப்பல்ஸ்' கப்பல் செய்தி அனுப்பியது. செய்தி கைக்கு வந்ததும் விகோர்ஸ் தலைமையில் 11 பஃபலோக்கள் புறப்பட்டன. பகல் ஒரு மணிக்கு மேல் அவை போய்ச் சேர்ந்தபோது, 'ரிப்பல்ஸ்' மூழ்கிவிட்டது. 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்' அவர்கள் கண்முன்னே மூழ்கிக்கொண்டிருந்தது. கீழே எண்ணெய் படிந்த கடலில் மனிதத் தலைகள் மிதந்தன. அன்று 840 பேர் மாண்டார்கள்.

எந்நேரமும் கப்பல்களுக்கு மேலே ஆறு விமானங்களையாவது நிறுத்தியிருக்க முடியும் என்று விகோர்ஸ் பின்னாளில் கூறினார். கேட்டிருந்தால் போயிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

பினாங்கு வானில் சில நிமிடங்கள்

வடக்கே அலோர் ஸ்டார், சுங்கை பட்டாணி தளங்கள் முதல் நாள்களிலேயே நொறுங்கிவிட்டன. எனவே டிசம்பர் 13-ஆம் தேதி 453-ஆவது படையணி பட்டர்வொர்த்துக்கும் ஈப்போவுக்கும் அனுப்பப்பட்டது. பினாங்கு வானில் ஜப்பானிய விமானங்களோடு மோதினார்கள். எதிரி எண்ணிக்கையில் அதிகம். விகோர்ஸ் சுட்டு வீழ்த்தப்பட்டு, தீக்காயங்களோடு குடை விரித்துக் குதித்து உயிர் தப்பினார்.

அந்தச் சில நிமிடச் சண்டைதான் பினாங்கு மக்களுக்குக் கிடைத்த ஆகாயப் பாதுகாப்பு. பிறகு விமானங்கள் தெற்கே சென்றன. அதே நாள்களில் வெள்ளையர்கள் இரவோடு இரவாகத் தீவிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என ஆசிய மக்கள் எவருக்கும் சொல்லப்படவில்லை. ஜார்ஜ்டவுன் கோட்டையான கார்ன்வாலிஸில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறந்துகொண்டிருந்தது. கொடி பறக்கும்வரை குண்டு விழும் என்று உணர்ந்து, துணிந்து போய் அதை இறக்கியவர் ஒரு தமிழர். 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த, யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த எம். சரவணமுத்து. காக்க வேண்டியவர்கள் போன பிறகு, ஊரைக் காக்கும் பொறுப்பு ஊர் மக்கள் தலையிலேயே விழுந்தது.

ஈப்போவிலிருந்து கோலாலம்பூர்

ஈப்போவில் முன்னெச்சரிக்கை என்பதே ஏறக்குறைய இல்லை. குண்டு வீசும் விமானம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் எச்சரிக்கை வரும். தரையில் நின்ற விமானங்களே பல அழிந்தன. எஞ்சியவற்றோடு கோலாலம்பூர் சுங்கை பீசி தளத்துக்கு வந்தார்கள். டிசம்பர் 22-ஆம் தேதி கோலாலம்பூர் வானில் ஜப்பானின் ஹயபுசா விமானங்களோடு பெரும் சண்டை நடந்தது. அது முடிந்தபோது, பறக்கும் நிலையில் இருந்த பஃபலோக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிசம்பர் 24-இல் படையணி சிங்கப்பூருக்குத் திரும்பி, 21-ஆவது படையணியோடு இணைக்கப்பட்டது.

1942 ஜனவரி 26-ஆம் தேதி எண்டாவ் கடற்கரையில் ஜப்பானியப் படையிறக்கத்தைத் தாக்க, இரட்டை இறக்கை கொண்ட பழைய வில்டபீஸ்ட் விமானங்கள் பட்டப்பகலில் அனுப்பப்பட்டன. அவற்றுக்குத் துணை சென்றவற்றில் செம்பவாங் பஃபலோக்களும் இருந்தன. போனவர்களில் பலர் திரும்பவில்லை. பிப்ரவரி தொடக்கத்தில் படையணி சிங்கப்பூரை விட்டு வெளியேறியது. பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 15-ஆம் தேதி அடிலெய்டில் 453-ஆவது படையணி கலைக்கப்பட்டது.

குற்றம் யாருடையது?

தோல்விக்குப் பிறகு பழி சொல்லும் படலம் தொடங்கியது. விமானிகளுக்குக் கட்டுப்பாடு இல்லை, மன உறுதி இல்லை என்று சில அதிகாரிகள் குறை கூறினார்கள். விமானம்தான் மோசம் என்றார்கள் வேறு சிலர்.

இரண்டு செய்திகள் இதற்குப் பதில் சொல்கின்றன. ஒன்று, அதே புரூஸ்டர் விமானத்தின் எடை குறைந்த வகையில் 44-ஐ வாங்கிய பின்லாந்து, 1941 முதல் சோவியத் விமானங்களை நூற்றுக்கணக்கில் வீழ்த்தியதாகக் கணக்குக் காட்டியது. அங்கே விமானிகள் கைதேர்ந்தவர்கள். விமானமும் தேவையில்லாத சுமையின்றிப் பறந்தது.

இரண்டாவது செய்தி 453-ஆவது படையணியின் மறுபிறப்பு. 1942 ஜூனில் ஸ்காட்லாந்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்களோடு அது மீண்டும் உருவானது. 1944-இல் நார்மண்டி படையிறக்கத்தின்போது பிரான்ஸ் வானில் பறந்தது. பிறகு லண்டனைத் தாக்கிய வி-2 ராக்கெட்டுகளின் ஏவுதளங்களை ஹாலந்தில் தேடித் தேடித் தாக்கியது. 1945 மே மாதம் நெதர்லாந்து அரசி வில்ஹெல்மினா நாடு திரும்பிய விமானத்துக்குத் துணை சென்றதும் இதே படையணிதான். விமானிகள் பெரும்பாலும் புதியவர்கள், ஆனாலும் அதே நாட்டு இளைஞர்கள். கையில் தகுந்த விமானம் இருந்தது, தரையிலிருந்து சரியான தகவல் வந்தது. மலாயாவில் இவ்விரண்டும் இல்லை. பழியை இருபது வயது இளைஞர்கள் மீது போடுவது எளிது. திட்டமிட்டவர்கள் மீது போடுவதுதான் நியாயம்.

1946-இல் மறுபடியும் கலைக்கப்பட்ட அந்த எண்ணுக்கு, 2011-இல் மீண்டும் உயிர் வந்தது. ஆஸ்திரேலியாவின் வில்லியம்டவுன் தளத்தில் 453-ஆவது படையணி ஆகாயப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பிரிவாக அமைக்கப்பட்டது. அதற்குச் சொந்தமாகப் போர் விமானம் இல்லை. வானில் யார் எங்கே வருகிறார்கள், எங்கே போகிறார்கள் என்று விமானிகளுக்குத் தரையிலிருந்து சொல்வதே அதற்குக் கொடுக்கப்பட்ட பணி. அப்படிச் சொல்ல ஆளில்லாமல்தான், 1941-இல் அதே எண்ணைத் தாங்கியவர்கள் குவாந்தான் கடலுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள்.