நாட்டார் வாக்கும் சம்பளக் கணக்கும்: குடிவழி தேடித் தரும் தொழிலின் தொடக்கம்

மயிலாப்பூரிலோ அடையாற்றிலோ குடியிருக்கும் ஒரு குடும்பம், தன் முன்னோரைத் தேடித் தரச் சொல்லி ஆய்வாளருக்குப் பணம் கொடுப்பதை மேலைநாட்டு வழக்கம் என்பார் உண்டு. சென்னையில் அத்தொழிலுக்கு இருநூறு ஆண்டுப் பழமை உண்டு. வேறொரு சாட்சி முறையை ஒதுக்கிவிட்டுத்தான் அது வளர்ந்தது என்பது என் கருத்து. முன்னதற்குச் சான்று ஏராளம், பின்னதற்குக் குறைவு.

இப்பொருளில் நிக்கலஸ் டர்க்ஸைத் தொடாமல் நகர முடியாது. ஊற்றுமலைப் பாளையக்காரர் வம்சாவளி பற்றி 1982இல் ஒரு கட்டுரையும், புதுக்கோட்டையை மையமாக வைத்து 1987இல் ஒரு நூலும் எழுதினார். கட்டுக்கதை என்று தள்ளப்பட்டிருந்த வம்சாவளிகளை வரலாற்றுச் சிந்தனையாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். முன்னோன் ஒருவன் வேட்டையிலோ போரிலோ வீரம் காட்டுகிறான். பேரரசன் மகிழ்ந்து பட்டமும் நிலமும் விருதுகளும் தருகிறான். தலைமுறைதோறும் இதுவே திரும்ப வருகிறது. அக்குடி தன் பழமையைத் தானே எண்ணிப் பார்த்த முறை இது என்பது அவர் வாசிப்பின் சாரம்.

எனக்கு இடறுவது அந்தத் ‘தானே’. கிழக்கிந்தியக் கும்பினியின் நில அளவையாளர் காலின் மெக்கன்சி திரட்டிய தொகுப்பில் இவ்வகை வரலாறுகள் பலவற்றுக்குக் கைபீது என்று பெயர். ‘எப்படி’ என்று கேட்கும் அரபுச் சொல்லின் வழி வந்தது அது. கேட்டவர் இல்லாமல் கைபீது ஏது? கேட்டவர்கள் மெக்கன்சியின் சம்பளக்காரர்கள்: காவலி வெங்கட போரையா, 1803இல் அவர் இறந்தபின் தம்பி லட்சுமய்யா, அவர்களோடு ஊர் ஊராக அலைந்த மற்றவர்கள். சம்பளத்தின் பெரும்பகுதி மெக்கன்சியின் கைப்பணம். 1801இல் பாளையங்கள் ஒடுக்கப்பட்டு, எந்த நிலம் யாருக்கு என்று கும்பினி முடிவு செய்த காலம் வேறு. அப்போது வெள்ளைக்காரத் துரையின் ஆள் ஒருவர் திண்ணையில் வந்து உட்கார்ந்து முன்னோர் கதை கேட்டால், பட்டமும் நிலமும் வந்த வழியைத்தானே எவரும் முதலில் சொல்வார்? டர்க்ஸ் காண்பது பாளையக்காரரின் மனத்தை மட்டுமன்று, கேள்வி கேட்டவரின் நிழலையும்தான். இதை அவர் அறியாதவர் அல்லர். மெக்கன்சிக்குத் தகவல் திரட்டித் தந்தவர்களைப் பற்றிப் பின்னாளில் தனியே எழுதினார். ஆயினும் அந்த அறிவைக் கொண்டு ஊற்றுமலையை மறுபடி படித்ததாக எனக்குத் தோன்றவில்லை.

ஒதுக்கப்பட்ட முறை என்றேனே, அதற்கு வேள்விக்குடிச் செப்பேட்டின் ஒரு சொல்லையே நம்பியிருக்கிறேன். பாண்டியன் நெடுஞ்சடையனின் 3ஆம் ஆட்சியாண்டில் காமக்காணி நற்சிங்கன் முறையிடுகிறான்: முதுகுடுமிப் பெருவழுதி கொற்கைகிழான் நற்கொற்றனுக்குக் கொடுத்த ஊர் களப்பிரரால் பறிபோனது. அரசன் முறுவலித்து, பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கிறான். எதைக் கொண்டு காட்டுவது? செப்பேட்டில் ‘நாட்டானின்’ என்று நிற்கிறது. இன்றைய கண்ணுக்கு ‘நாட்டானுடைய’ என்று படும். அடுத்த தொடர் ‘நாட்டாற்றன்’ என்கிறது. அது நாட்டால் + தன் என்றே பிரியும். ஆகவே முன்னதும் நாட்டால் + நின். நாட்டைக் கொண்டு உன் பழமையைக் காட்டு என்பது பொருள். நற்சிங்கன் ஓலை எதையும் நீட்டியதாக அவ்விடத்தில் சொல்லில்லை. நாட்டார் சொன்னார்கள், அரசன் ஏற்றான்.

ஓர் உருபைப் பிடித்துக்கொண்டு ஆயிரம் ஆண்டைத் தாண்டுகிறேன் என்பார்கள். தாண்டத்தான் செய்கிறேன். இச்செப்பேட்டை 8ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்பதற்கு மேல் நெருக்கவும் துணியவில்லை. பணம் பெற்றுக் குடிப்பெருமை பாடிய பட்டராசுகள் இடையே இருந்தார்களே என்பது வலுவான தடை. ஆனால் அவர்கள் தெரிந்ததைப் பாடினார்கள். தெரியாததைத் தேடிப் போகவில்லை. சம்பளம் தேடுதலுக்கு என்றானது போரையா காலத்தில்தான். மெக்கன்சி 1821இல் இறந்தபின் லட்சுமய்யா அவ்வேலையைத் தாமே தொடரக் கேட்டபோது, இந்தியர் எவருக்கும் அதற்குத் தகுதி போதாது என்று 1836இல் வங்காள ஆசியச் சங்கத்தின் செயலர் ஜேம்ஸ் பிரின்செப் மறுத்ததும் அதைத் தனித் தொழிலாக எண்ணத் தொடங்கிவிட்டதன் அடையாளம்.

அதன்பின் சமஸ்தானங்களே எழுத ஆள் தேடின. எட்டயபுரம் அரசர் குடியின் வரலாறாகக் கவிகேசரி சாமி தீட்சிதர் எழுதிய ‘வம்சமணி தீபிகை’ 1879இல் அச்சேறியது. நாட்டார் வாக்குக்கு அதில் என்ன இடம் என்பது தனியே ஆராய வேண்டியது. 1919இல் அந்நூலை நல்ல தமிழ் நடையில் திருத்தி எழுதித் தர முன்வந்து எட்டயபுரம் அரசருக்குக் கடிதம் எழுதினார் பாரதி. கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினிப் பக்கம் நின்ற குடியின் கதையை அவர் கை எப்படித் திருத்தியிருக்கும்? அந்தத் திருத்தம் வெளிவரவில்லை. 1920இல் சென்னைக்குத் திரும்பிச் ‘சுதேசமித்திர’னில் மறுபடி சம்பளத்துக்குச் சேர்ந்தார்.